சொந்தக் கையால் வளர்த்த நாய்

"உட்கார்!" என்றார் ஆல்வின் கெஸ்ட்லர்.

நாய் உட்காரவில்லை. வங்கியில் தவறான வரிசையில் வந்து நிற்பவரைக் குமாஸ்தா பார்க்கும் ஒரு பார்வை உண்டே, அப்படி அவரைப் பார்த்தது.

"உட்கார்! படு! பக்கத்தில் வா!"

நாய் கொட்டாவி விட்டது. காட்டோரத்தில் கார் நிறுத்துகிற அந்த வெட்டவெளியில் வேறு ஈ காக்கை இல்லை. இருந்தும் ஆல்வின் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளாகவே அவர் சுற்றுமுற்றும் பார்க்காமல் எதையும் செய்வதில்லை.

செய்த காரியம் அப்படி. ஹாசல்ரூட் வேலைநாய்க் கழகத்தின் தலைவர் அவர். மோப்பம் பிடிப்பது, சொன்ன பேச்சைக் கேட்பது, சணல் உறை மாட்டிய கையைப் பாய்ந்து கவ்வுவது என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நாய்களுக்குக் கோப்பை கொடுக்கிற கழகம் அது. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்கப் போகாதவர்கள் எல்லாம் அந்தத் திடலில்தான் இருப்பார்கள். அங்கே நின்றுகொண்டு ஆல்வின் வருஷக்கணக்காக ஒன்றையே முழங்கி வந்தார். நாய் என்றால் நம் வீட்டில் பிறந்து, நம் கையால் வளர்ந்து, நம் குரலைக் கேட்டுக் கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். யாரோ பழக்கி முடித்த வளர்ந்த நாயை எல்லைக்கு அப்பால் போய் ஓட்டிக்கொண்டு வந்து கோப்பை வாங்குவது, அடுத்தவன் கல்யாணப் போட்டோவில் தன் தலையை ஒட்டிக்கொள்கிற வேலை.

முழங்கியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்யும் சில்கே என்ற பெண் செக் நாட்டிலிருந்து ஒரு வளர்ந்த நாயை வாங்கி வந்து கழகக் கோப்பையை ஜெயித்தபோது, ஆல்வின் பொதுக்குழுவில் எழுந்து நின்று அவளைத் தலைகுனிய நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் பேசினார். குட்டியிலிருந்து சொந்தக் கையால் வளர்த்த நாய்க்கு மட்டுமே இனிக் கோப்பை என்று விதி வந்தது. சில்கே கோப்பையைத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்து அழுததைப் பலர் பார்த்தார்கள். ஆல்வினும் பார்த்தார். கொள்கை என்றால் நாலு பேர் அழத்தான் செய்வார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

அந்த விதி வந்த பிறகு கழகத்து நாய்களின் தரம் மளமளவென்று ஏறியது. கசாப்புக்கடை லோதார், ரொட்டிக்கடை இர்மா என்று ஒவ்வொருவரும் குட்டியைத் தோட்டத்து வேலிக்குப் பின்னால் வைத்து வளர்த்து, ஒருநாள் வெளியே கொண்டுவந்தால் புலியாக இருந்தது. திடலில் ஆளுக்கொரு மூலையில் நின்று, வார்த்தை புரியாதபடி ஒரு கத்தல் கத்தினால் அது சொன்னதைச் செய்தது. ஆல்வின் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமையோடு உள்ளுக்குள் ஓர் அரிப்பும் இருந்தது. எல்லாருடைய நாயும் தேறிவிட்டது, தன் நாயைத் தவிர.

அவருடைய நாயின் பெயர் ஃபால்க். அவர் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் பிறந்தது. மூச்சில்லாமல் விழுந்த குட்டியைத் துண்டால் தேய்த்துத் தேய்த்து உயிர் வரவழைத்தவர் ஆல்வின்தான். அந்த ஃபால்க் வளர்ந்து, சணல் உறையோடு அதட்டிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தால் அந்த உறையை நக்கும். பழக்குவதற்காகச் சுடுகிற வெற்றுத் துப்பாக்கியின் சத்தம் கேட்டால் தொத்திறைச்சி வாட்டுகிற மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "கொஞ்சம் லேட்டாத்தான் பூக்கும்" என்று ஆல்வின் சொல்லிவந்தார். லேட்டாக என்றால் எவ்வளவு லேட்டாக என்று கழகத்தில் சிலர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

கோப்பை நாள் நெருங்கியது. ஆல்வின், "ஃபால்க்கைக் காட்டுப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, எல்லை தாண்டிப் போய் போஹுமில் என்பவரிடம் ஃபால்க்கின் அதே சாம்பல் நிறத்தில், அதே வயதில் ஒரு நாயை வாங்கிவந்துவிட்டார். பெயர் ப்ரோக். அதுதான் இப்போது அவர் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறது.

போஹுமிலுக்குப் போன் போட்டார்.

"உங்க நாய் ஒண்ணையும் கேக்க மாட்டேங்குதுய்யா!"

"நாய் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியா பேசல" என்றார் போஹுமில். "அதுக்கு எங்க பாஷைதான் தெரியும். உக்கார்றதுக்கு செட்னி. படுக்கறதுக்கு லெஹ்னி. சத்தமா, வயித்துலேர்ந்து சொல்லணும்."

"அதுக்கு நம்ம பாஷைய கத்துக்குடுக்க எவ்ளோ நாளாகும்?"

"ஒரு வருஷம். நீங்க எங்க பாஷைய கத்துக்கோங்க, ஒரு வாரம் போதும். உங்க ஊர்க்காரங்க எல்லாருமே இதத்தான் கேக்குறாங்க, கடைசில எல்லாருமே கத்துக்குறாங்க."

ஆல்வின் கற்றுக்கொண்டார். அவர் தொழில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. சிவப்பு விளக்கில் நிற்கிறபோதெல்லாம் வாய்க்குள் "செட்னி, லெஹ்னி" என்று உருப்போட்டார். பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மருந்துக்கடைப் பெண்மணி, "சார், லெஃப்டா, ரைட்டா? தெளிவா சொல்லுங்க, எனக்கு ஏற்கெனவே கை நடுங்குது" என்றாள்.

வீட்டில் மனைவி ரோஸ்விதா விஷயத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பயிற்சிக் கார்கள் நிற்கிற கொட்டகையில் ஒரு நாய் இருந்தது. சமையலறையில் அவள் காலடியில் இன்னொன்று இருந்தது.

"நாய மாத்திட்ட" என்றாள் அவள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "அடுத்து பொண்டாட்டிய எப்ப மாத்தப் போற? அந்த போஹுமில்கிட்ட ஸ்டாக் இருக்கா, கேட்டியா?"

"ரோஸ்விதா, கழகத்தோட மானம் இதுல இருக்கு."

"கழகத்தோட மானமா, உன்னோட மானமா?"

ஃபால்க் எழுந்துவந்து ஆல்வினின் கையை நக்கியது. கையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதற்காகக் கூசிப்போய், மறுபடி நீட்டினார்.

அடுத்த சிக்கல் திடலில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் செக் மொழியில் எப்படிக் கத்துவது? யோசித்து யோசித்து ஆல்வின் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

"தொண்டை கட்டிக்கிச்சு. டாக்டர் சத்தமா பேசவே கூடாதுன்னுட்டார்."

குனிந்து, ப்ரோக்கின் காதோரம் இருமுவதைப் போல "செட்னி" என்றார். நாய் டபக்கென்று உட்கார்ந்தது. "லெஹ்னி" என்று இருமினார். கல்லைப் போட்டமாதிரி படுத்தது. உறை மாட்டிய ஆள் அதட்டிக்கொண்டு ஓடிவந்தபோது அது பாய்ந்து கவ்விய வேகத்தில் அந்த ஆள் புல்லில் உருண்டான்.

திடலே கைதட்டியது.

"யோவ் தலைவரே, இது ஃபால்க்கா?" என்றார் லோதார். "போன மாசம் என் கடைக்கு வந்து பூனைய பாத்து பயந்துச்சேய்யா!"

"சொந்தக் கையால வளத்தா, என்னிக்காச்சும் ஒருநாள் இப்படி வெளிய வரும்" என்று கரகரத்த ஆல்வினுக்குத் தன் காது இரண்டும் சுடுவது தெரிந்தது.

அன்று அவர் நலத்துக்காக எல்லாரும் பீர் கோப்பையை உயர்த்தினார்கள். லோதார் உணர்ச்சிவசப்பட்டு ஓர் அறிவிப்பே செய்தார். "தலைவருக்குத் தொண்டை சரியில்ல. நாம மட்டும் நாய்ங்கள காட்டுக்கத்தல் கத்துனா நல்லாவா இருக்கு? அவரு குணமாகற வரைக்கும் நாமளும் மெதுவாவே சொல்லுவோம்!" எல்லாரும் உடனே, யோசிக்கக்கூடச் செய்யாமல், சரி என்றார்கள்.

அன்று முதல் திடல் பூசை நேரத்துத் தேவாலயம்போல ஆகிவிட்டது. லோதார் குனிந்து நாயின் காதில் முணுமுணுத்தார். இர்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். மற்றவர்களும் அப்படியே. தன் பொய்த் தொண்டைக்காக ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டதைப் பார்த்து ஆல்வினுக்கு எங்கேயாவது குழி வெட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

சில்கே ஒருத்திதான் சத்தம் போட்டாள். பழைய நாயைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு, இப்போது மோரிட்ஸ் என்ற ஒன்றை வைத்திருந்தாள். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கிற, போட்டியில் எப்போதும் கடைசியாக வருகிற நாய். "மோரிட்ஸ், வா! மோரிட்ஸ், வாடா! டேய், இங்க வாடா!" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அது வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

"கொஞ்சம் மெதுவாம்மா" என்று லோதார் அவளை அதட்டினார். "தலைவர் ஒடம்பு முடியாம இருக்காரு."

சில்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுநாளே ஒரு குடுவையில் மூலிகைத் தேநீர் போட்டு, தேனும் கலந்து, ஆல்வினிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கம்மா போடற மாதிரி போட்டிருக்கேன் தலைவரே. சூடா குடிங்க."

கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஈரல் வில்லை ஒன்றை எடுத்து நாய்க்கு நீட்டினாள். ஃபால்க்குக்கு அவள் என்றால் உயிர். அவள் காரின் சத்தம் கேட்டாலே வாலோடு சேர்த்து இடுப்பையும் ஆட்டும். ஆனால் இது ஃபால்க் இல்லையே. ப்ரோக் உதட்டைச் சுருட்டி உறுமியது. சில்கே சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு இவனுக்கு? என்னைப் பாத்து ஒறுமவே மாட்டானே!"

"பல்லு" என்றார் ஆல்வின், வாய்க்கு வந்ததை. "பல்லு வலி. அதான் கடுப்பா இருக்கான்."

சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

"பல்லு வலியா? அப்ப நாளைக்கே எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் நேரம் வாங்கி வெக்கறேன். பாவம்ல!"

ப்ரோக்கைக் கொண்டுபோனால் அது சில்கேயின் விரலை எடுத்துவிடும். எனவே ஆல்வின் மறுநாள் நிஜ ஃபால்க்கைக் கொண்டுபோனார். ஃபால்க் வாசலிலேயே சில்கேமேல் பாய்ந்து, முகம் முழுக்க நக்கி, மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டியது. வாயைத் திறந்து பார்த்தார்கள். நாற்பத்துச்சொச்சம் பல்லும் முத்துமாதிரி இருந்தன.

"பல்லுல ஒண்ணுமே இல்ல தலைவரே" என்றாள் சில்கே, குரலைத் தணித்துக்கொண்டு. "தப்பா எடுத்துக்காதீங்க. திடல்ல பாத்தா இவன் வேற நாய் மாதிரி இருக்கான். ஏதோ வருத்தம் போலிருக்கு. பயிற்சி பயிற்சின்னு ரொம்ப போட்டு வாட்டறீங்களோ? வீட்ல கொஞ்சம் கொஞ்சுங்க. நீங்களே உசிர் குடுத்த குட்டி இல்லியா?"

ஆல்வின் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். காரில் உட்கார்ந்ததும் ஃபால்க் பின்னாலிருந்து அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணைப் பொதுக்குழுவில் நிறுத்திவைத்துப் பேசிய பேச்சு வரிக்கு வரி நினைவுக்கு வந்தது. கல்யாணப் போட்டோ உவமைக்கு அன்று எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தில் அவருக்குக் கண் கரித்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பதவியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தீர்மானமே செய்துவிட்டார்.

அந்தத் தீர்மானத்தோடு லோதாரின் கடைக்குள் நுழைந்தார்.

"லோதார், உன்கிட்ட ஒரு விஷயம்..."

"முதல்ல என் விஷயத்த கேளு!" லோதார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கவுண்டரைச் சுற்றி ஓடிவந்தார். "மாநிலச் சங்கத்துப் பெரிய நடுவர் வர்றாருய்யா நம்ம கோப்பை நாளுக்கு! ஃபால்க் கதைய எழுதிப் போட்டேன். பயந்தாங்கொள்ளிக் குட்டி, சொந்த வளர்ப்பு, இப்ப சிங்கம். மனுஷன் அசந்துட்டாரு. நம்ம விதிய மாநிலம் பூரா கொண்டு வரலாமான்னு நேர்ல பாக்கப் போறாராம். நீதான் பேசற!"

"எனக்குத் தொண்டை..."

"மைக் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ முணுமுணுத்தாக்கூட ஊருக்கே கேக்கும். சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல" என்றார் ஆல்வின். "அரை கிலோ ஈரல் குடு."

கோப்பை நாள் விடிந்தது. ரோஸ்விதா ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட் செய்தாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று போகவேண்டும் என்பது கழகத்து வழக்கம்.

"நான் சாலட்ட கொண்டு போறேன். நீ வீட்லயே இரு. ஃபால்க்குக்குத் துணையா" என்று கெஞ்சினார் ஆல்வின்.

"நான் செஞ்ச சாலட்ட நான்தான் கொண்டு வருவேன். ஃபால்க்கத் தனியா விட்டா ஊளையிடுவான். கார்லயே இருப்பான், கவலப்படாத."

"ஜன்னல மூடி வை!"

"வெயில்ல வெந்து சாகறதுக்கா? நீ அந்த செக் துரைய பாத்துக்கோ, போ."

திடலில் கொடி கட்டியிருந்தது. தொத்திறைச்சி புகைந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் நாய்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே நேர்க்கோட்டில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் சில்கே. மோரிட்ஸ் உட்காராமல் காற்றை மோந்துகொண்டிருந்தது. அவள் அதன் பின்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். நடுவர் மேடைக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரிக்காத முகத்தோடு நின்றார்.

ஆல்வின் ஒரு கையில் ப்ரோக்கின் வாரும், ஒரு கையில் மைக்குமாக மேடை ஏறினார்.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார். "நாய் என்பது... நம் வீட்டில் பிறந்து, நம் குரலைக் கேட்டு..."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஏனோ தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஆல்வின் நினைத்தார். பேச்சு எதுவரை வந்தது என்று மறந்துபோய், வார் இருந்த கையால் நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் ஃபால்க் கார் ஜன்னல் வழியாகக் குதித்தது.

தொத்திறைச்சி வாசனைக்கு வந்ததா, மைக்கில் அவர் குரலைக் கேட்டு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. திடலின் குறுக்கே, காது பறக்க, இடுப்பை ஆட்டிக்கொண்டு நேராக ஆல்வினைப் பார்த்து ஓடிவந்தது. "ஐயோ, ஃபால்க்!" என்று ரோஸ்விதா கரண்டியோடு அலறினாள்.

எதிரே ஓடிவருகிற நாயைப் பார்த்த ப்ரோக்குக்கு மயிர் சிலிர்த்தது. வார் ஆல்வினின் வியர்த்த கையிலிருந்து நழுவியது. வாயைப் பிளந்துகொண்டு அது மேடையிலிருந்து பாய்ந்தது. ஃபால்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு வாலை ஆட்டியது.

அந்த ஒரு நொடியில் ஆல்வினுக்குக் கழகம் மறந்துபோனது. கோப்பை, நடுவர், மானம் எல்லாமே மறந்துபோயின. துண்டில் வைத்துத் தேய்த்த அந்த ஈரக்குட்டி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பளித் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மைக்கை வாயில் வைத்து, போஹுமில் சொன்னபடியே வயிற்றிலிருந்து கத்தினார்:

"லெஹ்னி!"

ஒலிபெருக்கி அதிர்ந்தது. ப்ரோக் ஃபால்க்கின் மூக்குக்கு முன்னால் தரையோடு தரையாக விழுந்து படுத்தது. ஃபால்க் குனிந்து அதன் காதை நக்கிவிட்டு, துள்ளி வந்து ஆல்வினின் முழங்காலில் சாய்ந்து நின்றது.

போயிற்று, எல்லாம் போயிற்று என்று ஆல்வின் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பு கிளம்பும், கூச்சல் கிளம்பும் என்று காத்திருந்தார். ஒன்றும் கிளம்பவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார்.

வரிசையில் லோதாரின் நாய் படுத்திருந்தது. இர்மாவின் நாய் படுத்திருந்தது. அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று கழகத்து நாய்கள் அத்தனையும் முன்னங்காலை நீட்டிக்கொண்டு, மோவாயைப் புல்லில் வைத்து, இம்மி பிசகாமல் படுத்திருந்தன. பக்கத்தில் நின்ற எஜமானர்களின் முகம் எல்லாம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. லோதார் வானத்தைப் பார்த்தார். இர்மா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாட்டுகிற மேஜையில் தொத்திறைச்சி கருகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நடுவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தார். கடைசியில் வந்து நின்றார். அங்கே மோரிட்ஸ், ஒரு காதை நிமிர்த்தி, ஒரு காதை மடித்து, படுத்திருக்கிற நாய்களை எல்லாம் ஆச்சரியமாகப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

"இது ஒண்ணு மட்டும் ஏன் படுக்கல?" என்றார் நடுவர். "சொன்ன பேச்சு கேக்காதா?"

சில்கேயின் முகம் சிவந்துபோயிற்று. பொதுக்குழுவில் நின்றபோது தலையைக் குனிந்தாளே, அதே மாதிரி குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சிருங்க சார், இவனுக்கு அந்தக் கட்டளை தெரியாது. தலைவர் அன்னிக்கு பேசுனத அப்படியே நம்பி, இவன குட்டியிலேர்ந்து நானே வளத்துட்டேன்."